சின்னதுக்கா இவ்வளவு விலை?

குற்றாலத்தில் சாரல் காலம். அருவியில் குளித்துவிட்டு ஒரு குடும்பம் கடைத்தெரு வழியாக வருகிறது. ஒரு கடையில் ஓலைப் பெட்டி நிறைய மரச் சொப்புச் சாமான். அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கட்டை விரல் உயரம்தான். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பளபளக்கின்றன.

சிறுமி ஒன்றைக் கையில் எடுக்கிறாள்.

"ஆச்சி, இது என்னது?"

"அது திருகை."

"எதுக்கு ஆச்சி?"

"உளுந்து உடைக்கதுக்கு. நம்ம வீட்டுலயும் முன்னால இருந்துச்சு."

"இப்ப எங்க?"

ஆச்சி பதில் சொல்லவில்லை. சிறுமியின் தாய் விலை கேட்கிறாள். கடைக்காரர் சொல்கிறார். "இத்தனூண்டு சாமானுக்கா இவ்வளவு விலை?" என்று தாய் மலைக்கிறாள்.

"சின்னதுன்னா வேல குறைஞ்சிருமாம்மா?" என்கிறார் கடைக்காரர்.

இந்தப் பேச்சைக் குற்றாலத்தில் மட்டுமல்ல, மரச் சொப்பு விற்கும் எந்த ஊரிலும் கேட்கலாம். வாங்குவோர் மலைப்பதும் நியாயம். விற்போர் கேட்பதும் நியாயம். இரண்டில் எது சரி? அதற்குச் சொப்புச் சாமானின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஆசை!

சொப்புச் சாமான் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள். இப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தோம். இன்று நிலைமை மாறிவிட்டது. கடைக்கு வந்து தேடி வாங்குகிறவர்களில் பெரியவர்களும் உண்டு. வேலைக்குப் போகும் பெண்கள் வாங்குகிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் வாங்குகிறார்கள். கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கி அழகு பார்க்கிறார்கள். நவராத்திரிக் கொலுவில் ஒரு சின்னச் சமையலறையே வைக்கிறார்கள். கைபேசியைத் திறந்தால் சிட்டிகை அரிசியில் சோறு வடித்து, சுண்டு விரல் அளவு தோசை வார்க்கும் படங்கள் ஓடுகின்றன. வீடே கூடி உட்கார்ந்து அவற்றைப் பார்க்கிறது!

ஏன் இந்த ஆசை?

முதல் காரணம், கைக்குள் அடங்கும் உலகம். பெரிய வீட்டை நாம் நினைத்தபடி வைக்க முடியாது. வாடகை, கடன், கரண்டு பில் என்று ஆயிரம் தொல்லை. சின்ன வீட்டில் தொல்லை இல்லை. அடுப்பை இங்கே வைக்கலாம். குடத்தை அங்கே வைக்கலாம். எல்லாம் நம் சொல் கேட்கும்.

இரண்டாம் காரணம், நினைவு. மிக்ஸி வந்தது, அம்மி ஓரமாகப் போனது. கிரைண்டர் வந்தது; ஆட்டுக்கல் கொல்லைக்குப் போனது. கேஸ் அடுப்பு வந்தது, விறகடுப்பு மறைந்தது. இதில் யாருக்கும் வருத்தம் வேண்டியதில்லை. இடுப்பொடிய மாவரைத்த தாய்மார்களைக் கேட்டால் தெரியும்! ஆனால் பொருள் போனபோது பெயரும் கூடவே போகிறது. திருகை என்றால் என்ன, சுளகு என்றால் என்ன என்று குழந்தைகள் கேட்கிறார்கள். நிஜச் சமையலறையில் இடம் இழந்த பொருள்கள் சொப்புப் பெட்டியில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆச்சி தன் இளமைக் காலத்தைப் பேத்தியின் உள்ளங்கையில் வைத்துக் காட்டலாம்.

தமிழில் மூன்று "சிறு"

இது புதிய ஆசையும் அல்ல. சிந்து சமவெளியில், மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும், களிமண்ணால் செய்த சின்ன வண்டிகள் கிடைத்துள்ளன. சங்க நூல்களில் சிறுவர்கள் மரத்தால் செய்த சின்னத் தேரை ஓட்டி விளையாடுகிறார்கள்.

பிள்ளைத்தமிழ் என்று ஒரு நூல் வகை உண்டு. கடவுளையோ பெரியோரையோ குழந்தையாக எண்ணிப் பாடுவது அது. மொத்தம் பத்துப் பருவங்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்களின் பெயர் என்ன தெரியுமா? சிற்றில், சிறுபறை, சிறுதேர். சின்ன வீடு, சின்ன மேளம், சின்னத் தேர்!

சிற்றில் என்பது சிறுமியர் மணலில் கட்டும் வீடு. சிறுவன் அதைக் காலால் கலைக்க வருவான். "கலைக்காதே" என்று சிறுமியர் கெஞ்சுவார்கள். அந்தச் சின்ன வீட்டின் அருமை அதைக் கட்டிய கைகளுக்குத்தான் தெரியும்.

ராணிக்கு ஒரு பொம்மை வீடு

கடல் கடந்த நாடுகளிலும் இந்த ஆசை உண்டு. அங்கே இதற்குப் பெரும் பணமே கொட்டியிருக்கிறார்கள். இரண்டு வீடுகளின் கதையைக் கேளுங்கள்.

முதல் வீடு இங்கிலாந்தில் உள்ளது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் மனைவி ராணி மேரிக்காகக் கட்டியது. கட்டியவர் யார்? எட்வின் லுட்யன்ஸ். ஆம், புது டில்லியைத் திட்டமிட்ட அதே லுட்யன்ஸ்தான்! டில்லியில் 340 அறைகள் கொண்ட மாளிகையை எழுப்பினார். அதுதான் இன்றைய ராஷ்டிரபதி பவன். அந்த வேலை நடந்த காலத்திலேயே, 1921 முதல் 1924 வரை, இந்தப் பொம்மை வீட்டையும் உருவாக்கினார்.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. மின் விளக்கு எரியும். குழாயில் தண்ணீர் வரும். லிப்ட் ஏறி இறங்கும். நூலகத்தில் விரல் நகம் போன்ற புத்தகங்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலும் இதற்காக ஒரு சின்னக் கதை எழுதிக் கொடுத்தார். சுமார் 1,500 கலைஞர்களும் கைவினைஞர்களும் இதில் உழைத்தார்கள். 1924இல் வெம்பிளி கண்காட்சியில் இதை வைத்தபோது 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். இன்றும் விண்ட்சர் கோட்டையில் இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது வீடு நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ளது. பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற செல்வச் சீமாட்டி, 1686 முதல் 1710 வரை, பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. அதற்கான சின்னப் பீங்கான் சாமான்களைச் சீனாவிலிருந்தே வரவழைத்தார். இப்போது அது ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குச் செலவழித்த பணத்தில் அதே நகரில், கால்வாய்க் கரையில், நிஜ வீடே வாங்கியிருக்கலாமாம்!

இந்த இரு சீமாட்டிகளுக்கும் ஓர் உண்மை நன்றாகத் தெரிந்திருந்தது. சின்னது வேறு, மலிவு வேறு.

மரம் குறையும்; வேலை குறையுமா?

இப்போது தாமிரபரணிக் கரைக்குத் திரும்புவோம். திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பாசமுத்திரம் என்ற ஊர் உண்டு. மரச் சொப்புக்குப் பெயர் பெற்ற ஊர்.

அங்கே சொப்பை எப்படிச் செய்கிறார்கள்? நன்றாகக் காய்ந்த மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்துகிறார்கள். மரம் சுழலும். சுழலும் மரத்தில் உளியைப் பிடித்து உருவம் கொண்டு வருகிறார்கள். பிறகு அரக்கு வண்ணக் குச்சியை மரத்தின் மேல் அழுத்துகிறார்கள். உராய்வதால் சூடு பிறக்கும். சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பின்பு ஓலையால் அழுத்தித் தேய்த்து மெருகு ஏற்றுகிறார்கள். தூரிகை இல்லை, பெயின்ட் டப்பா இல்லை!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டி ஒன்று. அதற்குள் ஓர் அங்குலப் பெட்டிகளை அடுக்கினால் எத்தனை அடங்கும்? 12 × 12 × 12. ஆக 1,728 பெட்டிகள்! ஆகவே ஓர் அடிப் பொருளை ஓர் அங்குலமாகச் சுருக்கினால், மரச் செலவு 1,728இல் ஒரு பங்காகிவிடும்.

வேலை அப்படிக் குறையுமா? குறையாது. சின்னக் குடத்துக்கும் வாய் வேண்டும்; கழுத்து வேண்டும்; வயிறு வேண்டும். அதையும் இயந்திரத்தில் பொருத்த வேண்டும், குடைய வேண்டும், வண்ணம் ஏற்ற வேண்டும். பெரிய குடத்தில் உளி ஒரு நூல் விலகினால் யாருக்கும் தெரியாது. சின்னக் குடத்தில் விலகினால் குடமே போச்சு!

ஆக, குற்றாலத்துக் கடைக்காரர் கேட்டது சரியான கேள்விதான். சொப்பின் விலையில் மரத்தின் பங்கு கொஞ்சம். கைவேலையின் பங்குதான் அதிகம். ஆனால் நம் கண் அளவைப் பார்க்கிறது. அளவைப் பார்த்து விலை கேட்கிறோம். பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் சொப்பு கிடைக்கிறது. ஒரே அச்சில் ஆயிரம் ஆயிரமாக வார்த்துத் தள்ளியது. அந்த விலையோடு இந்த விலையை ஒப்பிடுகிறோம். உளி பிடித்த கை தோற்றுப் போகிறது.

சட்டம் என்ன செய்தது?

பொம்மை வியாபாரத்தில் அரசும் சில நடவடிக்கைகள் எடுத்தது. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023இல் 70 சதவீதமானது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள் அல்லவா? பரிசோதனை வேண்டியதுதான்.

ஆனால் முத்திரை பெறச் சோதனை உண்டு, கட்டணம் உண்டு. பெரிய ஆலைக்கு அது முடியும். திண்ணையில் கடைசல் போடும் குடும்பத்துக்கு முடியுமா? இதை உணர்ந்து 2020 டிசம்பரில் ஒரு விலக்கு அளித்தார்கள். மத்திய கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு முத்திரை தேவையில்லை. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை முறைப்படி செய்வோருக்கும் அந்த விலக்கு உண்டு. புவிசார் குறியீடு என்பது "இது இந்த ஊர்ச் சரக்கு" என்று அரசு தரும் சான்று. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, கர்நாடகத்தின் சன்னபட்டணம் பொம்மை, ஆந்திரத்தின் ஏட்டிக்கொப்பாகா பொம்மை ஆகியவை அதைப் பெற்றுள்ளன.

வரியும் சட்டமும் ஒரு வேலி. வெளியூர் ஆடு உள்ளே வராமல் வேலி தடுக்கும். உள்ளே இருக்கும் பயிருக்குத் தண்ணீர் ஊற்றாது. உள்நாட்டிலேயே வார்க்கும் பிளாஸ்டிக்கோடு கைவினைஞர் போட்டியிட்டாக வேண்டும். பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போக நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுவதும் மரத்தூளில் நின்று உழைத்தும் கட்டுப்படியாகவில்லை என்றால் எவன் உளியைப் பிடிப்பான்?

வாங்குவோர் கவனத்துக்கு

சொப்பு மீது பெரியவர்களுக்குப் பிறந்திருக்கும் ஆசை இந்தத் தொழிலுக்கு நல்ல சகுனம். ஆனால் அந்த ஆசை கைவேலையைத் தேடிப் போக வேண்டும். அதற்குச் சில எளிய வழிகள் உண்டு.

கடையில் "எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேளுங்கள். இரண்டு குடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மயிரிழை வித்தியாசம் இருந்தால் குறை என்று ஒதுக்காதீர்கள். கையால் கடைந்த பொருளில் அந்த வித்தியாசம் இருக்கும். முடிந்தால் பட்டறைக்கே போய் வாங்குங்கள். குழந்தைகளும் மரம் குடமாவதைக் கண்ணால் பார்ப்பார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை எதையும் வாயில் போடும். தொண்டையில் சிக்கும் அளவுள்ள சாமானை அதன் கையில் தராதீர்கள். அது எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இன்னொன்று. சொப்பு பெண் குழந்தைக்கு, வண்டி ஆண் குழந்தைக்கு என்ற பாகுபாடு இனி எதற்கு? சோறு எல்லோரும்தான் சாப்பிடுகிறோம். பையனும் சொப்பில் சமைக்கட்டும்!

குற்றாலத்துக் கடையில் கடைசியில் என்ன நடந்தது? தாய் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பேரம் பேசாமல் கேட்ட பணத்தைக் கொடுத்தாள். ஓலைப் பெட்டி சிறுமியின் மடிக்கு வந்தது. தென்காசி போகும் பஸ்ஸில் ஆச்சி திருகையைக் கையில் வாங்கி, ஒரு விரலால் சுற்றிக் காட்டினாள்.

"இப்படித்தான் சுத்தணும். உளுந்த இந்தக் குழில போடணும்."

"நம்ம திருகை இப்ப எங்க ஆச்சி?" என்று சிறுமி மறுபடியும் கேட்டாள்.

"பின்கட்டுல கிடக்கு. போனதும் காட்டுதேன்" என்றாள் ஆச்சி.