பசுவுக்கு நாட்கணக்கு உண்டு, பாட்டாளிப் பெண்ணுக்கு?

வட்டவளையில் மழை சற்றே ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில் லயத்தின் பின்புறம் சென்று பாருங்கள். மாட்டுப்பட்டியிலே பசுவொன்று ஓயாது கத்தும், தீனியைத் தீண்டாது, நிலைகொள்ளாது தவிக்கும். உடையவர் உடனே விரல் மடக்கிக் கணக்கிடுவார். சென்றமுறை கத்தி 21 நாள் ஆயிற்று! காலையிற் கத்தினால் மாலையிலும், மாலையிற் கத்தினால் மறுநாட் காலையிலும் சினை ஊசி போடுபவரை அழைத்துவர வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு பருவம் தவறினால் மூன்று வாரம் வீண் என்பதும், மூன்று வாரப் பாலின் விலை என்ன என்பதும் அவர் அறிவார்.

அதே கூரையின் கீழ் வாழும் அவருடைய மனைவியின் நிலை என்ன? மூன்று மாதத்திற்கொரு முறை அவளுடைய கையில் ஓர் ஊசி ஏறுகின்றது. அந்த மருந்து எத்தகையது? உள்ளே சென்று அது செய்வது யாது? நிறுத்தினால் மீண்டும் தாயாக எத்தனை மாதம் ஆகும்? “பிள்ளை தங்காத ஊசி” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அறியாத தாய்மார் எத்தனை பேர்! பெண்ணைப் பசுவோடு ஒப்பிடுவதா என்று சினவாதீர்கள். பசுவுக்குக் கிடைத்துள்ள கவனம்கூடப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் நம் வேதனை.

உண்மையில் இரண்டு உடல்களையும் இயக்குவது ஒரே வகைச் சுரப்புகளே. இரத்தத்திற் கலந்து சென்று தொலைவிலுள்ள உறுப்புக்கு ஆணையிடும் இந்தச் சுரப்புகளுக்கு 1905ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் ஓமோன் எனப் பெயரிட்டார். மூளையின் அடியிலிருந்து ஓர் ஆணை பிறக்கிறது. அதன் கீழே தொங்கும் கபச்சுரப்பி அதை ஏற்று இரண்டு தூதுவரைச் சூலகத்துக்கு அனுப்புகின்றது. சூலகத்தில் முட்டை முதிர்கின்றது. அங்கே சுரக்கும் ஈஸ்திரோஜன் கருப்பையைச் செழிக்கச் செய்கின்றது. அஃது உச்சத்தை எட்டியதும் கபச்சுரப்பியிலிருந்து ஓமோன் வெள்ளமெனப் பாய, ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெளிப்படுகின்றது. முட்டை இருந்த இடத்தில் தோன்றும் மஞ்சட் சடலம் புரோஜெஸ்திரோனைச் சுரந்து கருவுக்காகக் காத்திருக்கும். கரு வராவிடில் அது வாடும், பெண்ணுக்கு மாதவிலக்கு வரும். பசுவுக்கு இது 21 நாட் சுற்று. பெண்ணுக்கு ஏறத்தாழ 28 நாட் சுற்று.

ஆணுடலை ஆள்வனவும் அதே கபச்சுரப்பியின் அதே தூதுவரே. விந்து விளைவதும் அவற்றின் ஏவலால்தான். அப்படியிருக்க, பிள்ளையில்லாத வீட்டிலே “மலடி” என்னும் வசை பெண்ணின் தலையில் மட்டும் விழுவது என்ன நீதி? கணவனைப் பரிசோதிக்காமல் மனைவியை மட்டும் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் இழுத்தடிப்பது அறியாமையன்றி வேறென்ன?

இயற்கை தாய்க்கு ஒரு காவலையும் வைத்திருக்கின்றது. குழந்தை பாலருந்தும் ஒவ்வொரு முறையும் தாயின் மூளைக்குச் செய்தி செல்கின்றது. பால் சுரக்கும் ஓமோன் பெருகுகின்றது. முட்டையை விடுவிக்கும் ஆணை அடங்குகின்றது. பகலும் இரவும் தாய்ப்பால் ஒன்றையே ஊட்டி, மாதவிலக்கும் திரும்பாதிருந்தால், முதல் 6 மாதம் கருத்தரிப்பது அரிது. ஆனால் தோட்டத்திலே நடப்பது என்ன? சட்டம் தரும் மகப்பேற்று விடுமுறை 84 நாள். அது முடிந்ததும் தாய் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேற வேண்டும், குழந்தை பிள்ளைக்காம்பராவில். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட நாளுக்கு இருமுறை ஓய்வு தரவேண்டும் என்று மகப்பேற்று நன்மைகள் சட்டம் விதிக்கின்றது. ஆயினும் கொழுந்தின் எடைக்கு அஞ்சுகின்றவள் எத்தனை முறைதான் மலையிறங்குவாள்? பாலூட்டும் இடைவெளி நீள நீள, இயற்கையின் காவலும் தளர்கின்றது. ஆக, அவளுடைய கருப்பையின் காலக்கணக்கை எழுதுவது கபச்சுரப்பி மட்டுமன்று. கொழுந்து நிறுக்கும் தராசும்தான்!

இனி அந்த ஊசிக்கு வருவோம். டெப்போ புரவேரா என்பது அதன் பெயர். புரோஜெஸ்திரோனைப் போன்றே செயற்படும் 150 மில்லிகிராம் மருந்து அதில் உண்டு. மூளையை அடக்கி முட்டை வெளிப்படாமற் செய்வதே அதன் வேலை. மாதவிலக்கு தாறுமாறாகலாம், பின்னர் நின்றும் போகலாம். “கெட்ட இரத்தம் வயிற்றில் தேங்குகிறது” என்று பெண்கள் அஞ்சுவது அப்போதுதான். இரத்தம் எங்கும் தேங்குவதில்லை. கருப்பையின் உட்படை வளராமையால் வெளியேற எதுவும் இல்லை. ஊசி போட்டவள் நிரந்தர மலடியாவாள் என்பதும் பொய். ஆனால் கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்கப் பலருக்குச் சுமார் 10 மாதம் செல்லும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அடுத்த ஆண்டே பிள்ளை வேண்டும் என்பவளுக்கு இது தெரிந்தாக வேண்டாமா? நெடுநாட் பாவனையால் எலும்பின் அடர்த்தி குறையக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டாமா?

மருந்தை நாம் பழிக்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி வேண்டுவது பெண்ணின் உரிமை. இரத்தச் சோகையால் வாடும் தோட்டத்துத் தாய்க்கு அஃது உயிர்க்காவல். நாம் பழிப்பது மௌனத்தை! மருத்துவம் மௌனம் சாதிக்கும் இடத்திலேதான் வதந்தி வாய் திறக்கின்றது.

இந்த மௌனம் மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. கருத்தடை மாத்திரையின் முதற் பெருஞ் சோதனை 1956ஆம் ஆண்டு எங்கே தொடங்கிற்று தெரியுமா? கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன போர்ட்டோ ரிக்கோ தீவில், ஏழைப் பெண்களிடையே. தாம் உட்கொள்வது சோதனை மருந்து என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை. தலைச்சுற்றலும் வாந்தியும் என்று அவர்கள் முறையிட்டபோது அது வெறும் மனப்பிரமை என்று தள்ளினர். உலகப் பெண்குலத்துக்கு விடுதலை தந்த மாத்திரை, ஏழைப் பெண்ணின் அறியாமைமீது ஏறி நின்றே உலகுக்கு வந்தது!

இலங்கையில் 1980ஆம் ஆண்டு முதல் கருத்தடை அறுவை செய்துகொண்டோருக்கு அரசு பணம் கொடுத்தது. நாட்கூலிக்காரிக்கு அந்தப் பணம் தூண்டிலா, துணையா? தோட்டத்துப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடை ஏனையோரைவிட மிகுந்திருந்ததை அரசின் அளவீடுகளே காட்டின. தேர்வும் விளக்கமும் இன்றி அவர்கள் அறுவைக்கு உட்படுத்தப்பட்டமையை மானிடவியல் ஆய்வாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011ஆம் ஆண்டு தம் கட்டுரையில் எடுத்துரைத்தார். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று தலை எண்ணிப் பங்கிடப்பட்ட மக்கள் நாம். நம்முடைய பிறப்பையும் பிறர் எண்ணுகின்றார்களோ என்று ஒரு தாய் ஐயுற்றால், குற்றம் அவளுடையதா?

“படிப்பறிவற்றவளுக்கு ஓமோன் விளங்குமா?” என்று கேட்போர் உண்டு. ஐயா, பசுவின் 21 நாட்கணக்கை விளங்கிக்கொண்டவர்கள் யார்? பல்கலைக்கழகப் பேராசிரியர்களா? பயன் அறிந்து, தாய்மொழியிலே சொல்லப்பட்டதால் தோட்டத் தொழிலாளிக்கு அஃது எளிதில் விளங்கிற்று. விளங்காமை பெண்ணின் குறையன்று, விளக்காதவரின் குறை.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஊசிக்கு முன் தமிழிலே விளக்கம். கையிலே தமிழில் எழுதிய அட்டை. வேண்டாம் என்று சொல்லவும், வேறு முறை கேட்கவும் உரிமை. சிகிச்சை நாளில் பெயர் வெட்டப்படாமை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிற்றே! அந்த ஆட்சிமொழி பெயர்ப்பலகையிலே நின்றுவிடுவதா? தாயின் உடலுக்குள் செல்லும் மருந்தைப் பற்றிப் பேசவேண்டாமா?

தொழிற்சங்கத் தலைவர்களே! கூலிக்காக எத்தனையோ மேடை ஏறினீர்கள், வாழ்த்துகின்றோம். சந்தா செலுத்துவோரிற் பெரும் பங்கினர் கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களுடைய உடலைப் பற்றிய இந்தக் கோரிக்கை உங்கள் மகஜரில் எத்தனையாவது வரி? அப்படியொரு வரி உண்டா?

பசுவின் நாளை எண்ணும் கை பாராட்டுக்குரியதே. ஆனால் தன் உடலின் நாளைத் தானே எண்ணும் அறிவு பெண்ணின் கைக்கு வரும் நாள்தான் மலையகத்தின் விடியல் நாள்.