மூளைக்குள் மோட்சமா?

"விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது!" என்று முழங்குகின்றனர், தியானத்தைக் கடைச்சரக்காக்கியோர். எதை ஒப்புக்கொண்டது? எங்கே? எப்போது? கேட்டால், கண்ணை மூடச் சொல்கின்றனர். நாம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே விசாரிப்போம்.

2004-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில், லுட்ஸ், டேவிட்சன் முதலானோர், திபெத்தியப் பௌத்த நெறியில் 10,000 மணி முதல் 50,000 மணி வரை தியானம் பயின்ற எண்மரின் மூளை அலைகளை அளந்தனர். 'காமா' எனும் விரைவலை அவர்களிடம் ஓங்கி எழுந்தது. உண்மை, மறுக்கவில்லை. ஆனால், ஒப்பிட நிறுத்தப்பட்டவர் யார்? ஒரு வாரமே பயின்ற 10 மாணவர்! துறவியரின் சராசரி வயது 49. மாணவரின் சராசரி வயது 21. வேற்றுமைக்குக் காரணம் தியானமா, வயதா, வாழ்க்கை முறையா? எண்மரைக் கொண்டு எவர் தீர்ப்புரைக்க முடியும்? ஆய்வாளர் அடக்கம் காட்டினர், அங்காடிக்காரர் ஆர்ப்பரித்தனர்!

எட்டு வாரத் தியானம் மூளையின் அமைப்பையே மாற்றும் என்றும் பறைசாற்றினர். 2022-இல், அதே டேவிட்சனின் குழு, 200-க்கும் மேற்பட்டோரைச் சோதித்தது. அத்தகைய மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று அறிவித்தது. தோழர்களே, இதுதான் அறிவியல்! தான் நாடிய முடிவு கிட்டாதபோதும், அதை மறைக்காமல் அச்சேற்றும் நேர்மை! எந்த மடம், எந்தப் பீடம், தன் தவற்றைத் தானே இப்படித் தண்டோரா போட்டதுண்டு?

பயனே இல்லை என்கிறோமா? இல்லை. 2014-இல், 47 சோதனைகளை, 3,515 பேரின் விவரங்களை, ஒருங்கே ஆராய்ந்தனர். மனக்கலக்கம், சோர்வு, வலி ஆகியவை ஓரளவு தணிந்தன. ஆனால், உடற்பயிற்சியையோ மருந்தையோ விடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நடைப்பயிற்சியும் நலம் தருகிறது. நடப்பவனை ஞானி என்று எவரேனும் நமஸ்கரிக்கின்றனரா?

கருவி அளந்தது மின்னலையை, ஆன்மாவை அன்று! நிலையான ஆன்மா இல்லை என்றவர் புத்தர். உள்ளப் பயிற்சி மூளையில் தெரிகிறதென்றால், உள்ளம் மூளையின் செயல் என்பதற்கல்லவா அது வலுவூட்டும்? மறுபிறப்புக்கு அது எப்படிச் சாட்சியாகும்? அறிவியல் பொய்யென மெய்ப்பித்ததைப் பௌத்தம் கைவிட வேண்டும் என்று தலாய் லாமாவே 2005-இல் எழுதினார். சீடர்க்கு மட்டும் அது ஏன் செவியேறவில்லை?

இன்னொரு சூதும் உண்டு. பகலெல்லாம் கசக்கிப் பிழிந்துவிட்டு, "பத்து நிமிடம் மூச்சைக் கவனி, பதற்றம் தீரும்" என்கிறான் முதலாளி. குறைய வேண்டியது வேலைப் பளுவா, தொழிலாளியின் குமுறலா? மனநோயாளியிடம் மருந்தைப் பறித்துவிட்டு, மௌனத்தைத் திணிப்பதும் நடக்கிறது. அது சாந்தியன்று; சதி!

மூச்சைக் கவனிப்போர் கவனிக்கட்டும், தடையில்லை. ஆனால், மூச்சைக் கவனிக்கும்போது மூளையை அடகு வைக்காதீர்!