புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவருக்கு முதுகுவலி: முதலில் சொல்ல வேண்டியது

நெய்வேலி நகரியத்தில் முதுகுவலிக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சுரங்கப் பணி, கனரக வாகன அதிர்வு, வயது என ஏதேனும் ஒன்று உடனே கிடைத்துவிடும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் நீங்கள் முன்னர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவராயின் அவ்விளக்கம் போதாது. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்கள் முதுகெலும்புக்குப் பரவக்கூடியவை. மார்பகப் புற்றுநோய் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அங்குத் தலைகாட்டலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இயன்முறை சிகிச்சை இல்லத்துக்கே வருகிறது. பெரிதும் வரவேற்கத்தக்கது. எனினும், பழைய நோயை நீங்கள் சொன்னாலன்றி, வருபவர் அதை அறிய வழியில்லாமற் போகலாம். அரிக்கப்பட்ட எலும்பை அழுத்தி நீவினால் முறிவு ஏற்படக்கூடும். (எண்ணெய் தேய்த்து நீவிவிடும் உறவினருக்கும் இது பொருந்தும்.)

படுத்தால் கூடும் வலி, உறக்கத்தைக் கலைக்கும் வலி, நடுமுதுகிலிருந்து பட்டை கட்டியதுபோல் சுற்றிவரும் வலி ஆகியவற்றுக்குத் தாமதமின்றி மருத்துவரைக் காணுங்கள். எக்ஸ்ரே இயல்பாக உள்ளதெனக் கவலையை விட்டுவிட வேண்டாம். எலும்பு கணிசமாகக் கரைந்த பின்னரே அதில் தெரியும். முதுகெலும்பு முழுவதற்குமான எம்.ஆர்.ஐ. தேவையா எனக் கேளுங்கள். வலிக்காத இடத்திலும் பாதிப்பு இருக்கலாம்.

கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ தண்டுவடம் நெருக்கப்படுகிறதெனக் கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். இந்நிலையில் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமென்பது பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நடக்கும் நிலையிலேயே சிகிச்சை தொடங்கியோரில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கின்றனர். கால் செயலிழந்த பின் மீள்வோர் குறைவு. புறப்படும்போது பழைய கதிரியக்கச் சிகிச்சைக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே இடத்தில் மீண்டும் கதிர் அளிக்க இயலுமா என்பதை முடிவுசெய்ய அது வேண்டும்.