ஊரில சைக்கிள் ஓடின அனுபவம்

"எனக்கென்ன, நான் ஊரில இருபது வருசம் சைக்கிள் ஓடின ஆள்." அஜக்ஸில் ஒவ்வொரு கோடையும் யாரோ ஒரு அண்ணை இதைச் சொல்லுவார். ஹெல்மெட் ஹாண்டிலில தொங்கும், ஆள் வெஸ்ட்னி றோட்டில இறங்கியிடுவார்.

அவர் பொய் சொல்லேல்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் போன காலத்தில் விறகு, மண்ணெண்ணெய்க் கான், நோயாளி, கலியாணவீட்டுக்குப் போற குடும்பம் எல்லாம் சைக்கிளில்தான். டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவில செய்தியும் கேட்டம். அந்த அனுபவத்தை நான் குறைச்சு மதிக்கமாட்டன். ஆனால் அந்த றோட்டில கார் இல்லை. பயம் மேலேயிருந்து வந்தது, ஹெலியாலயும் பொம்மராலயும். பின்னுக்கு எழுபதில வாற பிக்கப் ட்ரக்கின் சத்தத்தை வைச்சு அது விலகுமா விலகாதா எண்டு கணிக்கிற பழக்கத்தை அந்த இருபது வருசம் தரேல்லை.

கார்க்காரரின் அனுபவமும் இதே மாதிரித்தான். ஒன்ராறியோவில் சிவப்பு விளக்கிலும் நிறுத்திப் பார்த்து வலப்பக்கம் திரும்பலாம். திரும்புறவர் இடப்பக்கமாய் வாற காரை மட்டுந்தான் பார்ப்பார். வலப்பக்கத்தால் ஒரு சைக்கிளோ, நடந்து வாற ஆளோ கடக்கலாம் எண்டு கழுத்து திரும்பாது. இத்தனை வருசம் ஒரு அக்சிடெண்டும் இல்லை எண்டு அவர் பெருமையாய்ச் சொல்லுவார். எத்தினை தரம் மற்றவன் பிறேக் பிடிச்சுத் தப்பினவன் எண்டது அவருக்கு எப்படித் தெரியும்? சைக்கிளை முந்தும்போது ஒரு மீற்றர் இடைவெளி விடவேணும் எண்டு 2015இல் இருந்து சட்டம் இருக்கு. எங்கட சனத்தில் எத்தினை பேருக்கு அது தெரியும்?

நானும் பேலி வீதியால சைக்கிளில போறனான். எனக்குப் பயம் இருக்கு, அது போகவும் வேண்டாம். முதல் எல்லாத்துக்கும் பயந்தன். இப்ப இடம் பார்த்துப் பயப்பிடுறன். சேலம் றோட்டில் 401க்கு ஏறுற வளைவில் கார்க்காரரின் மனம் ஏற்கெனவே ஹைவேயில நிக்கும், கால் கீழ போகும். அங்க நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவன்.

ஆனால் பயத்தைத் தனிமனிதரின் கெட்டித்தனத்திடம் விட்டுவிட்டால் என்ன நடக்கும்? பயந்தவர்கள் காருக்குள் ஏறிவிடுவார்கள். பிறகு "ஒருத்தரும் சைக்கிள் ஓடுறேல்லை, என்னத்துக்குப் பாதை?" எண்டு அரசாங்கம் கேட்கும். றோட்டில மிஞ்சுறது கார் இன்சூரன்ஸ் கட்ட வழியில்லாத பெடியள்: மாணவர் விசாவில் வந்தவர்கள், அகதிக் கோரிக்கை முடிவைப் பார்த்திருப்பவர்கள், சாப்பாடு டெலிவரி செய்பவர்கள். பஸ் இல்லாத நேரத்தில் ஷிப்ட் முடிஞ்சு வருகிறவர்களுக்கு, பயந்து வீட்டில நிக்கிற வசதி இல்லை.

ஃபோர்ட் அரசாங்கம் 2024 நவம்பரில் 212ஆம் சட்டமூலத்தை நிறைவேற்றி, ரொறன்ரோவில் புளோர், யங், யூனிவர்சிற்றி வீதிகளின் சைக்கிள் பாதைகளை அகற்ற வழிசெய்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் புளோர் வீதியில், சைக்கிள் பாதையை மறிச்சு வைச்ச கட்டடக் குப்பைத் தொட்டியைச் சுத்திப் போன 24 வயதுப் பெண் ட்ரக் மோதி இறந்தார். 2025 ஜூலை 30இல் நீதிபதி ஷாபாஸ், அந்தப் பாதைகளை அகற்றுவது உயிருக்கும் உடற்பாதுகாப்புக்குமான சாசன உரிமையை மீறும் எண்டும், அகற்றினால் நெரிசல் குறையும் எண்டதுக்கு ஆதாரமில்லை எண்டும் தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேன்முறையீட்டுக்குப் போனது.

இதை எங்கட வட்டத்திலேயே சில தோழர்கள் "டவுன்ரவுன் வெள்ளைக்காரற்ற பிரச்சினை" எண்டு தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. டவுன்ரவுனில் சைக்கிளை விட்டால் சப்வே இருக்கு. இங்க என்ன இருக்கு? ஏரிக்கரைப் பாதை வடிவானதுதான், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோட போகலாம். வேலைக்கு அது கொண்டுபோய் விடாது.

பேலியும் வெஸ்ட்னியும் டர்ஹாம் பிராந்தியத்தின் வீதிகள். அஜக்ஸ் நகரசபையோட மட்டும் கதைச்சுப் பிரயோசனமில்லை. கார் லேனை எடுத்துப் பாதை போட மாகாண அனுமதி வேணும் எண்டு 2024இல் அதே 212 சொன்னது. றோட்டுக்கரைப் புல்லில் போட்டால் எந்த லேனும் குறையாது, அந்தச் சாட்டும் அவர்களுக்கு இல்லை. 2026 ஒக்ரோபர் 26 உள்ளூராட்சித் தேர்தல். வேட்பாளர்கள் கோயில் வாசலில கைகூப்பிக்கொண்டு வருவினம். அப்ப கேளுங்கோ: பேலியில வெள்ளைப் பெயின்ற் கோடு வேண்டாம், கொங்கிறீற் தடுப்பு எந்த வருசப் பட்ஜெற்றில?