உதவியாளரை வெளியே அனுப்புங்கள்!

அமெரிக்காவில் "புராக்டர் அண்ட் கேம்பிள்" என்று ஒரு சோப்புக் கம்பெனி. அங்கே "கேமே" சோப்பின் விளம்பர வேலையைப் பார்த்தவர் நீல் மெக்கல்ராய். அதே கம்பெனியின் "ஐவரி" சோப்புக்குத்தான் மவுசு. கேமேயைக் கவனிப்பார் இல்லை.

1931-ம் ஆண்டு மே மாதம் அவர் மேலிடத்துக்கு 3 பக்கம் எழுதினார். ஒவ்வொரு சரக்குக்கும் பொறுப்பாக ஓர் ஆள், அவருக்கு உதவியாளர், வெளியே போய் நிலவரம் பார்த்துவர ஆட்கள் வேண்டும் என்று கேட்டார். கம்பெனி ஒப்புக்கொண்டது. (இவர்தான் 1957-ல் அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரி ஆனவர்!)

இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் இந்த உத்தியோகம் உண்டு. கூகிள் 2002-ல் இதற்கென்றே இளைஞர்களை எடுக்கத் தொடங்கியது. "அசோசியேட் புராடக்ட் மானேஜர்" என்று பெயர். பெயர் நீளம், அதிகாரம் இல்லை. இவர் சொல்வதை என்ஜினீயர் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சரக்கு விற்காவிட்டால் மட்டும் கேள்வி இவருக்கு!

இப்படிப்பட்டவரை உட்கார வைத்து, கூட்டக் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். வீண் வேலை. வாங்கியவர் வீட்டுக்கு அனுப்புங்கள். "ஏன் மறுபடி வாங்கவில்லை?" என்று நேரில் கேட்டு வந்தவர் பேச்சை, எந்த என்ஜினீயரும் எளிதில் தட்ட முடியாது.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இந்த வேலைக்குப் போனால், சம்பளத்தோடு இதையும் கேட்கச் சொல்லுங்கள்: "மாதத்தில் எத்தனை நாள் வெளியே அனுப்புவீர்கள்?"