திசை மாறிய ஓட்டம்

விளையாட்டில் வென்றவனை உலகம் விரைவில் மறந்துவிடுகிறது. பிழைத்தவனை எளிதில் மறப்பதில்லை. 1929 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அமெரிக்காவின் பசடீனா நகரிலுள்ள ரோஸ் போல் மைதானத்தில் நிகழ்ந்த கல்லூரி உதைபந்தாட்டப் போட்டி இதற்குத் தக்க சான்றாகும். அன்று ஜோர்ஜியா டெக் அணி கலிபோர்ணியாப் பல்கலைக்கழக அணியை 8–7 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. எனினும் அப்போட்டியைப் பற்றிப் பேசுவோர் வென்றோரைப் பேசுவதில்லை. தோற்ற அணியின் ரோய் ரீகல்ஸ் என்னும் இளைஞரையே பேசுகின்றனர்.

அமெரிக்கர் ஆடும் உதைபந்தாட்டம் நம்முடையது போன்றதன்று. றக்பியைப் போலப் பந்தைக் கையிலேந்தி எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி ஓடுவதே அதன் உயிர்நாடி. அன்றைய ஆட்டத்தின் முற்பாதியில் ஜோர்ஜியா டெக் வீரர் ஒருவரின் கையிலிருந்து பந்து நழுவியது. அதனை ரீகல்ஸ் விரைந்தெடுத்தார். எதிரிகளின் பிடிக்குத் தப்ப உடலைத் திருப்பிய கணத்தில் அவருக்குத் திசை மயங்கிற்று. தம் சொந்த எல்லைக்கோட்டை நோக்கியே சுமார் 65 யார் தூரம் ஓடினார்.

அறுபதாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே கூடியிருந்தனர். அவ்வளவு பேரும் எழுப்பிய கூச்சலால் அவர் ஓட்டம் நிற்கவில்லை. நிறுத்தியவர் ஒருவரே; பின்தொடர்ந்து ஓடிச் சென்ற அணித் தோழர் பெனி லொம். கோட்டுக்கு ஓரிரு யார் முன்பாக அவர் ரீகல்ஸைப் பற்றித் திருப்ப முயன்றார். அதற்குள் எதிரணியினர் வந்து வீழ்த்திவிட்டனர். அடுத்து, பந்தைத் தொலைவிற்கு உதைத்துத் தப்ப முயன்றது கலிபோர்ணியா அணி. அவ்வுதை தடுக்கப்படவே, ஜோர்ஜியா டெக்குக்கு இரண்டு புள்ளிகள் கிடைத்தன. ஒரே புள்ளியால் முடிவான ஆட்டத்தில் அவ்விரண்டின் கனத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இடைவேளையில் ரீகல்ஸ் உடைமாற்றும் அறையின் மூலையில் அமர்ந்து அழுதார். முற்பாதியில் ஆடியவர்களே பிற்பாதியிலும் இறங்க வேண்டுமெனப் பயிற்றுநர் நிப்ஸ் பிறைஸ் அறிவித்தபோது, தம்மால் அக்கூட்டத்தின் முன் இனித் தலைகாட்ட இயலாதென்று மறுத்தார். ஆட்டத்தில் பாதி இன்னும் எஞ்சியிருக்கிறது, எழுந்து போ என்ற பொருள்படப் பிறைஸ் விடையளித்தார். ரீகல்ஸ் எழுந்தார். பிற்பாதியில் எதிரணியின் உதையொன்றைத் தடுக்குமளவுக்கு ஊக்கத்துடன் ஆடினார். அடுத்த பருவத்தில் அவரே அணித்தலைவராகவும் விளங்கினார்.

தமிழாசிரியனாகிய எனக்கு இவ்விடத்தே சேரமான் பெருஞ்சேரலாதன் நினைவுக்கு வருகின்றான். வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருத அவ்வேந்தன், முதுகிற் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான் என்பதைப் புறநானூறு காட்டும். அந்நாணத்தைப் புலவர்கள் போற்றினர். நாமும் வகுப்பிலே போற்றிக் கற்பிக்கின்றோம். ஆனால் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அந்நாணம் அவன் தனக்குத்தானே கொண்டது. புண்ணைச் சுட்டி எவரும் நகைத்ததனால் விளைந்ததன்று. நாண் என்பது பிழைத்தவன் நெஞ்சில் தானே பிறக்கும்போதுதான் பண்பு. பிறர் அதனை அவன்மேல் எறியும்போது அது கல். மேலும், மன்னனுக்குப் பொருந்திய முடிவைப் பதினாறு வயதுச் சிறுவனுக்கு விதிக்க நமக்கு என்ன உரிமை உண்டு?

அக்கல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் அதே ரோஸ் போல் மைதானமே காட்டியது. 1994 ஆம் ஆண்டு யூன் 22 ஆந் திகதி, உலகக் கிண்ணப் போட்டியில் அமெரிக்காவுக்கு எதிராக ஆடிய கொலம்பிய வீரர் அந்திரே எஸ்கோபார், எதிரி அனுப்பிய பந்தைத் தடுக்க முயன்று அதைத் தம் கோலுக்குள்ளேயே செலுத்திவிட்டார். கொலம்பியா 2–1 எனத் தோற்றது. நாடு திரும்பிய அவரை, யூலை 2 ஆந் திகதி மெடெயின் நகரிலே சிலர் அக்கோலைச் சொல்லி இகழ்ந்தனர். அதிலெழுந்த தகராற்றின் முடிவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் ஊர்களில் இவ்வாறெல்லாம் நடவாதென்று ஆறுதல் கொள்வோர் சற்றுச் சிந்திப்பாராக. மருதமுனை முதல் நிந்தவூர் வரை மாலைதோறும் மணலிலே பந்து உருளாத கரை அரிது. அங்கே ஒரு பிள்ளை ‘சேம்சைட் கோல்’ அடித்துவிட்டால், பொழுது சாயுமுன்னே அவனுக்கொரு பட்டப்பெயர் பிறந்துவிடும். அப்பெயர் தேநீர்க் கடைக்குச் செல்லும், சந்தைக்குச் செல்லும், சில வேளைகளில் அவன் திருமண வீட்டுக்கும் உடன் செல்லும். மைதானத்தோடு இது நிற்பதுமில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஒருமுறை தவறியவனை ‘அவன் பெயிலானவன்’ என்று சுட்டும் வழக்கமும் இதன் உடன்பிறப்பே. ஆட்டத்தின் பாதியிலேயே நாம் முடிவை எழுதிவிடுகின்றோம்.

பிழையைப் பிழையென்று சொல்லலாகாதா எனச் சிலர் வினவலாம். சொல்லத்தான் வேண்டும், பிறைஸும் அப்பிழையை வெற்றியென்று கூறவில்லை. சொல்லுகின்றவன் எங்கே நிற்கின்றான் என்பதே கேள்வி. எல்லைக்கு வெளியே நின்று கூவுகின்றவன் சொல்லும் சொல் வேறு. லொம்மைப் போலப் பின்னால் ஓடிவந்து தோளைப் பற்றுகின்றவன் சொல்லும் சொல் வேறு.

ரீகல்ஸ் ஆயுள் முழுவதும் ‘திசை மாறிய ரீகல்ஸ்’ என்ற பெயரைச் சுமந்தார். எனினும் அதனால் அவர் நெஞ்சம் கசந்துவிடவில்லை. 1957 இல் கலிபோர்ணியாவில் ஒரு பள்ளி மாணவன் தம்மைப் போலவே தவறான திசையில் ஓடித் துயருற்றதை அறிந்து, இது உலகிலே பெரிய குற்றமன்று, இத்துயரம் கடந்துபோகும் என்னுங் கருத்தில் அவனுக்குக் கடிதம் எழுதினார். தமக்கு ஒருநாள் கிடைத்த ஆறுதலை, முன்பின் அறியாத சிறுவனுக்குத் திருப்பி வழங்கினார்.

பழைய மாணவர் என்போர் பரிசளிப்பு விழாவிலே வென்றவர்க்குக் கிண்ணம் வழங்க அழைக்கப்படுகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், தோற்றுத் தலைகுனிந்து மைதானத்தின் பின்வாயிலால் வெளியேறும் மாணவனோடு வீட்டுவரை நடந்து செல்ல ஒரு பழைய மாணவனாவது முன்வருவானாயின், கல்லூரிக்கு அவன் செலுத்தும் நன்றிக்கடனில் அதுவே பெரும் பகுதி எனக் கொள்வேன்.