பழுது பார்த்தலில் ‘பார்த்தல்’ எங்கே போயிற்று?

சற்றே நீண்ட பதிவு. விடுதியில் தங்கி ஆய்வு செய்துகொண்டு, பழைய இருசக்கர வாகனத்தைத் தாமே பழுது பார்த்து ஓட்டும் நண்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

புணேயில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த ஆண்டில், மூத்த மாணவர் ஒருவரிடம் வாங்கிய வண்டி என்னுடையது. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். பின்சக்கரத்தில் டிரம் பிரேக். சென்ற மாதம் முன்சக்கரத்தின் பிரேக் பேடுகள் தேய்ந்திருப்பதைக் கண்டு, புதியன வாங்கிவந்து, காணொளி ஒன்றைப் பார்த்தவாறே விடுதி வாசலில் மாற்றினேன். தடித்த புதிய பேடுகள் பொருந்த வேண்டுமானால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னே தள்ள வேண்டும். அது நகர மறுத்தது. பிளீடர் நிப்பிளைச் சற்றே தளர்த்திவிட்டுத் தள்ளினேன். கொஞ்சம் பிரேக் ஆயில் வழிந்தது, பிஸ்டன் உள்ளே சென்றது, நிப்பிளை மூடினேன். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்ததென்று கையைக் கழுவினேன். மறுநாள் விடியற்காலையில், ஆய்வகத் தம்பி ஒருவனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு சிங்ககட் கோட்டைக்குச் செல்வதாகத் திட்டம்.

அன்று மாலை வளாகத்துக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கைப் பிடித்தபோது லீவர் பஞ்சுபோல் அமுங்கிக் கைப்பிடியைத் தொட்டது. பின் பிரேக்கும் என் இரு கால்களும் சேர்ந்தே வண்டியை நிறுத்தின. எதிரே ஒரு முழத் தொலைவில் சுவர்.

அதன்பின் நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன். புதிய பேடு பழகும்வரை இப்படித்தான் இருக்கும் என்று முதலில் என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு மேலே உள்ள கிண்ணத்தில் ஆயிலை நிரப்பினேன். பேடின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். போல்ட்டுகளை மீண்டும் இறுக்கினேன். மூன்றையும் ஒரே மூச்சில் செய்தேன்; லீவர் மாறவில்லை. ஒரு சோதனை பிழைத்தால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆய்வகத்தில் இளையோருக்கு ஓயாமல் சொல்பவன் நான்.

மறுநாள் பயணத்தைக் கைவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைத்தெரு மெக்கானிக்கிடம் சென்றேன். எல்லோரும் அவரைப் ‘பாவு’ என்றே அழைப்பர். மராட்டியில் சகோதரன் என்று பொருள். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. “எதையெல்லாம் திறந்தீர்கள்?” என்பதே அவருடைய முதல் கேள்வி. நிப்பிளைத் தளர்த்தியதைச் சொன்னதும் தலையசைத்தார். லீவரை விரைந்து நான்கைந்து முறை அழுத்தினார், சற்றே இறுகியது. சிறிது நேரம் விட்டுவிட்டு அழுத்தினார், மீண்டும் பஞ்சு. “காற்று போயிருக்கிறது” என்றார்.

பாஸ்கல் விதியைப் பதினோராம் வகுப்பு முதல் அறிந்தவன் நான். திரவம் ஏறத்தாழ அமுங்காது; ஆகவே விரலின் அழுத்தம் குழாய் வழியே பிஸ்டனைச் சென்றடைகிறது. காற்று அமுங்கும், ஆகவே விரலின் உழைப்பு குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. பிஸ்டனைத் தள்ளுவதை நான் நிறுத்திய நொடியில், திறந்திருந்த நிப்பிள் வழியே காற்று நுழைந்திருக்கிறது. விதி எனக்குத் தெரியும். அது என் கைக்கு எட்டவில்லை.

அன்று அவரிடம் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன். பேடு மாற்றியபின் முதல் சில அழுத்தங்களில் மட்டும் லீவர் முழுதாக இறங்கி, பிறகு இறுகி அப்படியே நின்றால், அச்சமில்லை. பின்னே தள்ளப்பட்ட பிஸ்டன் தன் இடத்துக்கு வந்துவிட்டது. இதனை வண்டி நகரும் முன்னரே செய்துவிட வேண்டும். பலமுறை அழுத்தினால் இறுகி, விட்டால் மீண்டும் தளர்ந்தால், காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே லீவர் மெல்லமெல்ல இறங்கினால், எங்கோ கசிவு. அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் பழுது. லீவர் கல்போல் இருந்தும் வண்டி நிற்கவில்லையெனில், பேடிலோ டிஸ்க்கிலோ கிரீஸ் அல்லது ஆயில் பட்டிருக்கலாம். பிரேக்கை விட்டபின்னும் சக்கரம் சுழல மறுத்தால், பிஸ்டனோ காலிப்பரின் பின்னோ சிக்கியிருக்கலாம்.

இன்னும் ஒன்று. நாம் ‘பிரேக் ஆயில்’ என்று அழைப்பது எண்ணெயே அன்று. பெரும்பாலான வண்டிகளில் உள்ளது கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும். இத்திரவம் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 4 வகைக்குரிய குறைந்தபட்சக் கொதிநிலை புதியதில் 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் 155 டிகிரி. மலைச்சரிவில் இடைவிடாது பிரேக் பிடிக்கும்போது அது கொதித்து ஆவியானால், அங்கேயும் லீவர் பஞ்சாகும். நான் செல்லவிருந்த கோட்டைப் பாதையும் அத்தகைய சரிவுதான்.

இந்நிகழ்வைக் கேட்ட நண்பர்கள் இரு கூறாகப் பிரிந்தனர். “படித்தவனுக்கு இந்த வேலை எதற்கு?” என்றனர் ஒரு சாரார். இக்கூற்றில் கைத்தொழிலை இழிவாகக் கருதும் பழைய நோய் ஒளிந்திருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. “காணொளி பார்த்தால் எவரும் செய்யலாம்” என்றனர் மறு சாரார். காணொளி காட்டுவது பிசகாமல் நடந்த ஒரு முறையை மட்டுமே. பிசகினால் என்ன தோன்றும், அதை எவ்வாறு அறிவது என்பதை நான் பார்த்த காணொளி சொல்லவில்லை. பாவுவின் அறிவு அந்தப் பிசகுகளால் ஆனது.

என் கருத்து இதுவே. பிரேக்கைத் திறப்பவருக்கு அதைச் சோதித்தறியும் கடமையும் உண்டு. பொருத்துவது பாதி வேலை. லீவர், கசிவு, சக்கரச் சுழற்சி ஆகியவற்றை நின்ற நிலையில் பார்த்து, பிறகு ஆளில்லாத இடத்தில் நடைவேகத்தில் பார்ப்பது மறுபாதி. கோளாறு தோன்றினால், முதலில் ஐயப்பட வேண்டியது நாம் கடைசியாகத் தொட்ட இடத்தை. காரணம் விளங்கவில்லையெனில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதில் இழிவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறோம். பின்னால் அமர்ந்திருப்பவர் நம் திறமையை நம்பி அமர்ந்திருக்கிறார்.

பாவு புதிய ஆயில் ஊற்றி, நிப்பிளில் ஒளிபுகும் குழாய் மாட்டி, என்னையே லீவரைப் பிடிக்கச் சொன்னார். அழுத்திப் பிடி, அவர் திறந்து மூடுவார், மூடியபின்னரே விடு. குமிழிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. தமிழில் இவ்வேலையைப் ‘பழுது நீக்கல்’ என்பதைவிடப் ‘பழுது பார்த்தல்’ என்றே மிகுதியும் சொல்கிறோம். அச்சொல்லின் பின்பாதியை அன்றுதான் நான் கவனித்தேன்.